குவாதலூப் கடற்கரையில் சின்ன பார்: எடுத்து நடத்தலாமா?

வடபாரிஸ்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் யாழ்ப்பாணம். இப்போது பாரிஸில் உணவகச் சமையலறையில் வேலை. கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் இருக்கும் கூட்டாளி ஒருவர், சேன்ட்-ஆன் பக்கம் கடற்கரையில் ஒரு சின்ன பார் கைமாறப் போகிறது, நீ எடுக்கிறாயா என்று கேட்கிறார். தகரக் கூரை போட்ட மரக்கொட்டில், சில மேசைகள், ஒரு கரி அடுப்பு, இரண்டு ஃப்ரிட்ஜ். விற்கிறவர் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்குமான கணக்கைக் காட்டினார். நல்ல வியாபாரம்தான். மற்ற மாதங்களைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

சமையல் எனக்குக் கைவந்த தொழில். பார் நடத்தியதில்லை, தீவில் இருந்ததும் இல்லை. காலையில் திறந்து இரவு பூட்டும் வரைக்கும் அங்கே என்னதான் நடக்கும்? நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் விளக்கமாகச் சொல்லுங்கோ.

உப்புக்காற்று

தம்பி, நான் காரைக்கால். மனைவி குவாதலூப்காரி. இரண்டு பேருமாக, தீவின் கிழக்குப் பாதியான கிராந்த்-தேரின் தென்கரையில் இப்படி ஒரு இடத்தைத்தான் நடத்துகிறோம். உங்கள் கூட்டாளி சொன்ன கடை எது என்று கேட்க மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன்.

ஊற்றிக் கொடுப்பது இந்தத் தொழிலில் சின்னப் பகுதி. நாள் முழுக்கப் பாடு தண்ணீருக்கும் ஐஸுக்கும்தான். எழுந்ததும் முதல் வேலை குழாயைத் திறந்து பார்ப்பது. கிராந்த்-தேர் சுண்ணாம்புக்கல் பூமி, தட்டையானது, சொல்லிக்கொள்கிற மாதிரி ஆறு கிடையாது. மலையும் மழையும் இருப்பது ஒட்டியிருக்கும் மேற்குப் பாதியான பாஸ்-தேரில். அங்கிருந்து குழாயில்தான் வர வேண்டும். குழாய்கள் பழசு. அனுப்புகிற தண்ணீரில் பாதிக்கு மேல் வழியிலேயே கசிந்து போகிறது. அதனால் இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர் என்று முறைவைத்துத் திறக்கிறார்கள். 2022 செப்டம்பரில் ஃபியோனா புயலின் வெள்ளம் பாஸ்-தேரில் குழாய்களையே அடித்துக்கொண்டு போனபோது, பல ஊர்கள் நாள்கணக்கில் தவித்தன. ஆகையால் கடையைப் பார்க்கப் போனால் முன்பக்கத்து அழகில் மயங்கி நிற்காதீர்கள். பின்பக்கம் போய்த் தொட்டி இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று பாருங்கள். ஆயிரம் லிட்டராவது இல்லாமல் இங்கே பாத்திரம் கழுவ முடியாது. தண்ணீர் வராவிட்டால் ஐஸ் இயந்திரமும் சும்மா நிற்கும். ஐஸ் இல்லையென்றால் பீர் இல்லை, பழரசம் இல்லை, மீனும் கெடும்.

அடுத்தது உப்பு. ஃப்ரிட்ஜின் பின்பக்கத்துச் செப்புக் குழாய், விசிறி, கதவின் கீல், நாற்காலியின் திருகாணி என்று காற்று ஒன்றையும் விட்டுவைக்காது. நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ஃப்ரிட்ஜின் பின்னால் போய் ஒவ்வொரு வளைவாகத் துடைக்கிறோம். துணி பழுப்பாக வரும். இதை மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது, வாரா வாரம் செய்ய வேண்டும். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே செம்புள்ளி விழும் ஊர் இது. படகுக்குப் போடும் 316 ரகத் திருகாணியாகக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கூரைத் தகடு ஒன்று பறந்தால் ஆகும் செலவோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

மீன்காரர் படகு கரைக்கு வரும் நேரத்தில் போய் நிற்க வேண்டும். எந்தக் கரையில் பிடித்தது என்று கேட்காமல் சிங்கி இறால் வாங்காதீர்கள். இங்கே வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்தைப் போட்டார்கள். அது மண்ணிலிருந்து ஆறு வழியாகக் கடலில் இறங்கி, இறாலிலும் நண்டிலும் மீனிலும் ஏறிவிட்டது. பாஸ்-தேரின் கிழக்குக் கரையில் சில பகுதிகளில் மீன்பிடிக்கவே தடை. எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பைக் கெடுத்த விஷம் அது. நமக்கு மீன் தருகிறவர் நேர்மையானவராக இருந்தால் அவரை ஆயுசுக்கும் விடாதீர்கள்.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிய மூன்று மணி ஆகிவிடும். சாயங்காலம்தான் உண்மையில் பார். அதை அப்புறம் எழுதுகிறேன், இப்போது மீனுக்குப் போக வேண்டும்.

கணக்குப்புலி

பிரான்ஸில் கணக்காளர் வேலை, சின்ன உணவகங்களின் கணக்கு நிறையப் பார்த்திருக்கிறேன். உப்புக்காற்று அண்ணன் சொன்னதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: விற்கிறவர் உங்களுக்கு எதை விற்கிறார்?

குவாதலூப் போன்ற பிரெஞ்சு அண்டிலிஸ் தீவுகளில் கரையிலிருந்து உள்ளே 81.20 மீட்டர் வரைக்கும் "ஐம்பது தப்படி" நிலம். மன்னர் காலத்து ஏற்பாடு. 1986 கடற்கரைச் சட்டத்துக்குப் பிறகு அது அரசின் பொதுக் கடல்சார் நிலம். மணலில் நிற்கும் பாருக்குப் பெரும்பாலும் தற்காலிக அனுமதி மட்டுமே இருக்கும். அந்த அனுமதி ஆளுக்குக் கொடுப்பது. அரசு எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விற்கிறவர் கையெழுத்துப் போட்டால் அது தானாக உங்கள் பெயருக்கு வராது. நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைக்கும் முன்பே பெரிய தொகையைக் கொடுத்தால் உங்கள் கையில் இருப்பது பலகையும் ஃப்ரிட்ஜும்தான்.

அப்புறம் லைசென்ஸ். மூன்றாம் வகையில் 18 டிகிரி (அதாவது 18 சதவீத ஆல்கஹால்) வரைக்கும்தான் விற்கலாம். ரம் ஊற்ற நான்காம் வகை வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்து மட்டும் மது தரும் உணவக லைசென்ஸ் தனி, அதில் வெறும் குடிக்கு வருகிறவருக்கு ஊற்ற முடியாது. எதுவானாலும் நீங்கள் 20 மணி நேரப் பயிற்சி முடித்து நடத்துனர் சான்றிதழ் வாங்க வேண்டும், அது 10 வருடம் செல்லும். இதைப் பாரிஸிலேயே முடித்துவிடலாம். நல்ல சேதி ஒன்றும் உண்டு: குவாதலூப்பில் வாட் வரியின் பொது விகிதம் 8.5 சதவீதம், பாரிஸில் 20. கப்பலில் வந்திறங்கும் பொருளுக்கு ஒக்த்ருவா என்ற கடல்வரி சேர்வதால் அந்த லாபம் பாதி அங்கேயே போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

வடபாரிஸ்காரன்

மிக்க நன்றி. அனுமதி யார் பெயரில், எந்தத் தேதி வரை என்று இன்றைக்கே கேட்டு எழுதியிருக்கிறேன். உப்புக்காற்று அண்ணை, சாயங்காலத்தைச் சொல்லுங்கோ. சமையல்காரனுக்கு அதுதான் விளங்காத பகுதி.

உப்புக்காற்று

சரி. இங்கே வருடம் முழுக்க ஆறு மணிவாக்கில் இருட்டிவிடும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஊர்க்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள். வருகிறவர் முதலில் எல்லாருக்கும் பொதுவாக "பொன்ழூர்" சொல்வார், இருட்டிவிட்டால் "பொன்சுவார்". நீங்களும் சொல்ல வேண்டும். அது இல்லாமல் "என்ன வேண்டும்" என்று ஆரம்பித்தால் முறைகெட்ட ஆள் என்று முடிவுகட்டிவிடுவார்கள். பாரிஸ் அவசரத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஊர்க்காரர் குடிப்பது தி-போன்ச். சின்னக் கண்ணாடிக் குவளையில் கரும்புச் சர்க்கரை ஒரு கரண்டி, தோலோடு சீவிய பச்சை எலுமிச்சைத் துண்டு ஒன்று. அதைக் கரண்டியால் அழுத்தினால் தோலின் எண்ணெய் சர்க்கரையில் இறங்கும், வாசனை மேசை வரைக்கும் வரும். அதன்மேல் வெள்ளை ரம். ஐஸ் கேட்க மாட்டார்கள். இந்த ரம் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வருவதல்ல. கரும்புச் சாற்றையே புளிக்கவைத்து வடிப்பது. 50 டிகிரி சாதாரணம், 55 உண்டு, மரி-கலாந்த் தீவின் ரம் 59. இதை நாம் அளந்து கலந்து கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. சர்க்கரை, எலுமிச்சை, பாட்டில் மூன்றையும் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அவரவர் கைக்கு அவரவர் அளவு. அளவுக்கோப்பையோடு போய் நின்றால் பெரியவர்கள் முகம் சுருங்கிவிடும். பாட்டில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துக் காசு வாங்குவதும் நம்பிக்கையில்தான். காரோட்டிப் போகிறவர் யார், நடந்து போகிறவர் யார் என்று கவனிப்பது உங்கள் பொறுப்பு. சாவியைக் கேட்டு வாங்கிவைக்கும் அளவுக்குப் பழக்கம் வர நாளாகும். வந்த பிறகு அதுதான் அந்தக் கடையில் உங்கள் இடம்.

சுற்றுலாக்காரர் கேட்பது பழச்சாறும் ரமும் மசாலாவும் சேர்ந்த பிளான்த்தர், தேங்காய்ப் போன்ச், மார்த்தினிக் லொரேன் பீர். லாபம் அதில்தான்.

இன்னும் இரண்டு விஷயம். கரையில் மான்சனியே என்ற மரம் நிற்கும், ஆப்பிள் மாதிரி சின்னக் காய். பால் பட்டால் தோல் வெந்துவிடும், காயைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. தண்டில் சிவப்புச் சாயப் பட்டை அடித்திருப்பார்கள். மழை வந்தால் வெளியூர்க்காரர்கள் அதன் கீழேதான் ஓடி ஒதுங்குவார்கள். ஒதுங்க விடாமல் உள்ளே கூப்பிடுங்கள். அந்தக் கட்டையை அடுப்பிலும் போடக் கூடாது, புகையே கண்ணைக் கெடுக்கும். ஆமைகள் முட்டையிட ஏறிவரும் மாதங்களில் கடல் பக்கத்து விளக்குகளை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் பட்டால் தாய் ஆமை திரும்பிப் போய்விடும், குஞ்சுகள் கடலை விட்டுச் சாலைப் பக்கம் ஊரும். மேசையில் மெழுகுவர்த்தி போதும். வாடிக்கையாளரிடம் காரணத்தைச் சொன்னால் சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறார்கள்.

பனைநிழல்

நான் மேற்குக் கரையில், மலாந்தூர் பக்கம், முக்குளிப்புக்கு வருகிறவர்களை நம்பி ஒரு சிற்றுண்டிக் கடையில் வேலை செய்கிறேன். பாசியைப் பற்றி அண்ணன் இன்னும் சொல்லவில்லை. தம்பி, சேன்ட்-ஆன் என்றால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

2011-லிருந்து அட்லாண்டிக்கிலிருந்து சர்காசம் என்ற பழுப்புப் பாசி மலைமலையாக வந்து ஒதுங்குகிறது. கிழக்கும் தெற்கும் பார்த்த கரைகளுக்குத்தான் அடி. எங்கள் மேற்குக் கரைக்கு அவ்வளவாக வராது. ஒதுங்கி இரண்டு நாள் கிடந்தால் அழுக ஆரம்பித்து, கெட்ட முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். தலைவலி, கண் எரிச்சல், ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத்திணறல். அந்த வாயு செப்பைத் தின்றுவிடும். ஏசி, ஃப்ரிட்ஜ், தொலைக்காட்சி ஒவ்வொன்றாகப் போகும். வெள்ளிச் சங்கிலி கறுத்துவிடும்.

என் யோசனை இதுதான்: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை உழைத்துவிட்டு, செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் பூட்டிவிடுங்கள். புயல் காலம், விமானமும் காலி. திறந்து வைத்தால் மின்சாரச் செலவுக்குக்கூட வராது.

உப்புக்காற்று

பாசி விஷயத்தில் பனைநிழல் சொன்னது அத்தனையும் உண்மை. நம் கரையில் வசந்தகாலத்திலிருந்து கோடை முடியும் வரை எந்த வாரத்திலும் வரலாம். நகராட்சி இயந்திரம் வரும் வரை காத்திருக்காமல் பக்கத்துக் கடைக்காரர்களோடு சேர்ந்து விடியற்காலையில் வாரிவிடுகிறோம். கனமான இயந்திரத்தால் அள்ளினால் பாசியோடு மணலும் போய்விடும். கையால் வாரினால் கரை மிஞ்சும். நாற்றம் தாங்காத நாளில் கடையை மூடிவிடுவோம். வேலைக்கு வருகிற பிள்ளைகளின் நுரையீரலை விற்றுச் சம்பாதிக்க வேண்டியதில்லை.

ஆனால் செப்டம்பரில் பூட்டுங்கள் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தம்பி, நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இந்த ஒன்றுதான். இந்தக் கடைகளைத் தூக்கிப் பிடிப்பது ஊர்க்காரர்கள். பிப்ரவரிக் கூட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள் எல்லாரும் கொஞ்ச காலத்தில் விற்றுவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு விற்கிறவரும் பேச்சை மாற்றுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

2009-இல் வாழ்க்கைச் செலவை எதிர்த்து இங்கே 44 நாள் பொது வேலைநிறுத்தம் நடந்தது. பெட்ரோல் இல்லை, கடைகள் மூடல், வெளியூர்க்காரர் எவரும் இல்லை. அந்தக் காலத்தை என் மாமியார் இன்றைக்கும் சொல்வார்: மீன்காரர் மீன் கொடுத்தார், தோட்டக்காரர் கிழங்கு கொடுத்தார், கடைக்காரர்கள் அடுப்பைக் கொடுத்தார்கள். 2024 அக்டோபர் 25 அன்று மின்நிலையத்தில் வேலைநிறுத்தத் தகராறு முற்றி எஞ்சின்கள் நின்றுபோய், தீவு முழுக்க இருண்டுவிட்டது. ஃப்ரீஸரில் இருந்த மீன் அத்தனையையும் அன்று இரவே கரி அடுப்பில் போட்டோம். தெருவே வந்து சாப்பிட்டது. காசு தர முடிந்தவர்கள் தந்தார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்த மெக்கானிக் ஒருவர், நான் கேட்காமலே எங்கள் ஃப்ரீஸர் பெட்டியைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். வருடம் பூராவும் அவர் சாயங்காலம் வந்து உட்காரும் கடையாக இருந்ததால்தான் அது நடந்தது. இரண்டு மாதம் பூட்டிவிட்டு சுற்றுலாக்காரர் வரும்போது திறக்கிற கடைக்கு அவர் வந்திருப்பாரா?

பனைநிழல்

அது உங்கள் மனைவி அந்த ஊர்க்காரி என்பதால் அண்ணா. பாரிஸிலிருந்து புதிதாக வருகிற ஒருவருக்கு அது கிடைக்குமா? வாடகை, சம்பளம், காப்பீடு எல்லாம் செப்டம்பரிலும் நிற்காது.

உப்புக்காற்று

நியாயமான கேள்வி. முதல் வருடம் கிடைக்காது, உண்மைதான். அதனால்தான் முதல் வருடத்துக்கு ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு வர வேண்டும். முழுநேரமும் திறக்கச் சொல்லவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு போதும். ஞாயிற்றுக்கிழமை குடும்பங்கள் ஐஸ்பெட்டியும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்துவிடும். ஈஸ்டருக்குக் கூடாரமே போட்டுத் தங்குவார்கள், நண்டும் சோறும் சேர்த்து மத்தெத்தே சமைப்பார்கள். சில கடைக்காரர்கள், நம்மிடம் வாங்காமல் நம் நிழலில் உட்காருகிறார்களே என்று முறைப்பார்கள். முறைக்கக் கூடாது. கரை எல்லாருக்கும் பொது, அவர்கள் தாத்தா பாட்டி காலத்திலிருந்து வருகிற இடம். நாங்கள் அவர்களுக்கு ஐஸும் கரியும் விற்கிறோம், குழந்தைகளுக்குக் கழிப்பறையைத் திறந்துவிடுகிறோம். மரச்செப்பில் கையால் சுற்றித் தேங்காய் ஐஸ் விற்கும் அம்மாவுக்கு எங்கள் கொட்டிலின் ஓரத்திலேயே இடம். அவர் இருப்பதால் வருகிற கூட்டம் எங்களுக்கும் கூட்டம்தான்.

நெய்தல்நிலம்

நான் தொழில் செய்கிறவள் இல்லை, வரலாறு படிப்பவள். ஒரு விஷயம் கேட்கட்டுமா? 1854 டிசம்பரில் ஒரெலி என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு குவாதலூப் போய்ச் சேர்ந்தது. 1889 வரை சுமார் 42,000 இந்தியர்கள், அவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்ப் பகுதிகளிலிருந்து காரைக்கால், புதுச்சேரித் துறைகள் வழியாகப் போனவர்கள். சமையல் தெரிந்த தமிழர் ஒருவர் அங்கே கடை போட்டால் அந்தச் சொந்தம் உதவுமா?

உப்புக்காற்று

நல்லா கேட்டீர்கள் அக்கா. உதவும், ஆனால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. கபெஸ்தேர் பக்கம் போனால் கோபுரம் வைத்த கோயில் இருக்கிறது, வீட்டுப் பெயர்களில் சிதம்பரமும் வீரப்பனும் இருக்கிறார்கள். தமிழ் பேச்சு போய்விட்டது, பூசையில் சில பாட்டுகளாக மிஞ்சியிருக்கிறது. ஆன்றி சிதம்பரம் என்ற பெரியவர் 1904-லிருந்து 1923 வரை வழக்காடி இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வாங்கித் தந்தார். அவர்களுடைய கதை அது. நாம் நேற்று வந்துவிட்டு "நானும் உங்க ஆளு" என்று தோளில் கைபோடுவது அழகில்லை. மரியாதையாக இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள்.

அடுப்பைப் பொறுத்தவரை: கொலொம்போ என்ற மசாலாக் கறிதான் தீவு முழுக்க விருந்துச் சாப்பாடு. மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு. ஆட்டுக்கறியில் போடுவார்கள், கோழியிலும் போடுவார்கள். நம் குழம்பை விடக் காரம் குறைவு, மசாலா மென்மை. தம்பி யாழ்ப்பாணத்துக் காரத்தோடு வந்து அதைத் "திருத்த" வேண்டாம். முதல் வருடம் ஊர்க்காரம்மா ஒருவரை வைத்து அவர் கைப்பக்குவத்தில் போடுங்கள். உங்கள் மீன் குழம்பைத் தனியாக, உங்கள் பெயரில் வையுங்கள். எங்கள் கடையில் வெள்ளிக்கிழமை மட்டும் காரைக்கால் மீன் குழம்பு உண்டு. அதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஊர்க்காரர்கள்தான்.

கணக்குப்புலி

புயல் காப்பீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. தற்காலிக அனுமதியில் நிற்கும் மரக்கொட்டிலுக்குக் காப்பீடு கிடைப்பதே கஷ்டம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் வாங்காமல் "எல்லாம் இருக்கு" என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

உப்புக்காற்று

ஆமாம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று ஏறும். ஆரஞ்சு வந்தால் மேசை நாற்காலிகளை உள்ளே கட்டி, எரிவாயு சிலிண்டரைக் கழற்றி, பாட்டில்களை ஊருக்குள் கொண்டுபோய்விடுகிறோம். சிவப்பு வந்தால் கடைப்பக்கமே போகக் கூடாது, ஊதா என்றால் எவரும் வெளியே தலைகாட்டக் கூடாது. எல்லாம் ஓய்ந்த பிறகு சாம்பல் நிறம் வைப்பார்கள். அப்போதும் அறுந்த கம்பி, சரிந்த மரம் இருக்கும், அனுமதி வரும் வரை அவசரப்பட வேண்டாம். 1989 செப்டம்பரில் ஊகோ புயல் இந்தக் கரையில் கூரை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அதைப் பார்த்த பெரியவர்கள் சொல்கிற ஒரே யோசனை: கொட்டில் சுலபமாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கட்டும், காசை ஃப்ரிட்ஜிலும் தொட்டியிலும் போடு. எங்கள் பக்கச் சுவர்கள் எல்லாம் பலகைப் பலகையாகக் கழற்ற வரும்.

வடபாரிஸ்காரன்

அண்ணை, அக்கா, எல்லாருக்கும் பெரிய நன்றி. விற்கிறவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. அனுமதி அவருடைய அண்ணன் பெயரில் இருக்கிறதாம், அடுத்த வருடம் முடிகிறதாம். காசு கொடுப்பதை நிறுத்திவிட்டேன். நடத்துனர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், அது எங்கே போனாலும் உதவும். செப்டம்பரில் லீவு போட்டுக்கொண்டு அங்கே வரப் பார்க்கிறேன். பிப்ரவரியில் வந்தால் எனக்கு ஒன்றும் விளங்காது என்று தெரிகிறது. உங்கள் கடையில் சும்மா நின்று வேலை செய்யலாமா? சம்பளம் வேண்டாம்.

உப்புக்காற்று

வாங்க தம்பி. சம்பளம் வாங்காமல் வேலை செய்ய வைப்பது இங்கே சட்டப்படி தப்பு, எனக்கும் மனசு வராது. வார இறுதிக்கு முறையாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், வேலை பார்க்கிறவனுக்குத்தான் கடை தெரியும். மாமியார் வீட்டில் ஒரு அறை இருக்கிறது. டிக்கெட் போடும் முன் புயல் காலத்தில் தேதி மாற்ற முடிகிற மாதிரி பார்த்துப் போடுங்கள். முடிந்தால் ஃப்ரிட்ஜ் கதவுக்கு ரப்பர் பட்டை இரண்டு வாங்கி வாருங்கள், அளவை தனிச்செய்தியில் அனுப்புகிறேன். இங்கே சொல்லிவைத்தால் கப்பலில் வர மாதக்கணக்கு ஆகிறது.